விழுந்த கணினியை எழுப்பும் விதை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் விரிந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு மழை பெய்தால்தான் ஆறு. மற்ற நாட்களில் மணல். கண்மாய் பெருகினால் நெல் விளையும். பெருகாவிட்டால் சோளமும் கம்பும் குதிரைவாலியும் கைகொடுக்க வேண்டும். அவையும் பொய்த்த ஆண்டுகள் உண்டு. இத்தகைய நாட்டில் வாழ்ந்த உழவர் ஒரு வழக்கத்தைக் கைவிடாமல் காத்து வந்தனர். களத்தில் தூற்றிய தானியத்தில் விதைக்கு உரியதை முதலில் பிரித்தெடுப்பர். அதை நன்றாக வெயிலில் காயவைத்துச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து, பானையிலிட்டு வாயை மண்ணால் பூசி மூடுவர். உண்ணும் தானியம் இருக்கும் குலுக்கை வேறு, விதைப்பானை வேறு. வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அந்தப் பானையில் கைவைக்கத் தயங்குவர். விதைப்புக்குச் சில நாட்கள் முன்னர் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்து, எத்தனை மணிகள் முளைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பர்.

மாணவ நண்பர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உழவு அன்று, கணினி. ஆயினும் விதையைப் பிரித்து வைத்தல், மூடிக் காத்தல், முளை பார்த்தல் என்னும் இம்மூன்றையும் மனத்தில் கொண்டு மேலே செல்வோம். விழுந்துபோன கணினியை மீண்டும் எழுப்பும் மீட்புப் பென்டிரைவின் வரலாறு இம்மூன்றையும் மீண்டும் மீண்டும் நமக்கு நினைவூட்டும்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு, பள்ளி கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் மடிக்கணினிகள் மாணவர் கைகளுக்குச் சென்றன. அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களிலும் திருச்சுழி வட்டத்துச் சிற்றூர்களிலும் பல வீடுகளில் முதன்முதல் நுழைந்த கணினி அதுவே. கணினி வந்தது, ஆனால், அது நோயுற்றால் என்ன செய்வது என்னும் அறிவு அதனோடு கூடவே வந்துவிடவில்லை.

திருச்சுழிக்கு அருகே ஒரு சிற்றூரில் கல்லூரி மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக் குறிப்புகளும், செய்முறை ஏடும், குடும்பத்தில் மறைந்த ஒருவரின் நிழற்படங்களும் அவள் மடிக்கணினியில் உள்ளன. ஒருநாள் காலையில் பொத்தானை அழுத்துகிறாள். கரிய திரையில் இரண்டு வரி ஆங்கிலம் தோன்றுகிறது, அவ்வளவே. பேருந்தேறி நகரத்துப் பழுதுபார்க்கும் கடைக்குச் செல்கிறாள். கடைக்காரர் சொல்லக்கூடிய விடை எளியது: “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், அம்மா.” கணினி பிழைக்கும், மூன்றாண்டு உழைப்பு அழியும். அழியாமல் காக்க வழி உண்டா என்றால், பெரும்பாலும் உண்டு. அந்த வழி, விரல் நீளமே உள்ள ஒரு பென்டிரைவில் அடங்கும். அது எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காண்போம்.

முதலில் ஒரு வினா. கணினி ஏன் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள இயலாமல் போகிறது? கணினியின் வேலையெல்லாம் நினைவகத்தில் உள்ள கட்டளைகளைப் படித்து நடத்துவதே. மின்சாரம் நின்றவுடன் அந்த நினைவகம் வெறுமையாகிவிடும். மறுபடி மின்சாரம் வரும்போது, வன்தட்டில் உள்ள இயங்குதளத்தை நினைவகத்திற்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவருவதற்கும் ஒரு கட்டளைத் தொகுதி வேண்டும். அதை யார் கொண்டுவருவது? ஆங்கிலத்தில் ‘பூட்ஸ்டிராப்’ என்பது காலணியை இழுத்து மாட்டிக்கொள்வதற்காக அதன் விளிம்பில் தைத்த வார். தன் காலணி வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது நடவாத செயல். அந்த நடவாத செயலின் பெயரையே கணினி அறிஞர் இதற்கு இட்டனர். ‘பூட்’ என்று இன்று நாம் சுருக்கிச் சொல்வது அதனையே.

அருப்புக்கோட்டையில் தறியைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். ஒரு பாவு நெய்து முடிந்ததும், நெசவாளர் அச்சிலும் விழுதிலும் கோத்த பழைய இழைகளை முழுதும் உருவி எறிந்துவிடுவதில்லை. இழைகளின் நுனிகளை அப்படியே விட்டு வைத்து, புதிய பாவின் இழை ஒவ்வொன்றையும் அவற்றோடு பிணைக்கிறார். பிறகு பழைய நுனி புதிய பாவை இழுத்து வருகிறது. கணினியிலும் அழியாத சிறு கட்டளைத் தொகுதி ஒன்று தாய்ப்பலகையின் சில்லில் எப்போதும் இருக்கிறது. அதற்குப் பழைய கணினிகளில் பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யூ.ஈ.எஃப்.ஐ. அது துவக்க நிரலைத் தேடி எடுக்க, துவக்க நிரல் இயங்குதளத்தை இழுத்து வருகிறது. இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி எழாது. அப்போது, அறுந்த இடத்தில் பிணைப்பதற்கு வெளியிலிருந்து ஓர் இழை வேண்டும்.

தொடக்கக் காலத்தில் அந்த இழை மனிதனின் விரலே. 1965இல் வெளிவந்த பி.டி.பி.-8 போன்ற கணினிகளின் முகப்பில் வரிசையாக விசைகள் இருந்தன. அவற்றை மேலும் கீழும் தட்டி, ஒவ்வொரு கட்டளையாக நினைவகத்தில் ஏற்ற வேண்டும். அச்சிறு கட்டளைத் தொகுதி துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும். நாடா பெரிய நிரலைக் கொண்டுவரும். ஒரு விசை பிசகினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1971ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 8 அங்குல அகலமுள்ள, வளையக்கூடிய காந்தத் தட்டு ஒன்றை வெளியிட்டது. ஃபிளாப்பி என்று பின்னர் உலகெங்கும் பெயர் பெற்ற நெகிழ்தட்டு அதுவே. அது எதற்காகப் பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. கோப்புகளை எடுத்துச் செல்வதற்காக அன்று. சிஸ்டம்-370 என்னும் பெருங்கணினிக் குடும்பத்தில், மின்சாரம் நின்றால் மறைந்துவிடும் அடிப்படைக் கட்டளைகளை மீண்டும் ஏற்றுவதற்காகவே அது பிறந்தது. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 80 கே.பி. மட்டுமே. அது விலை மலிந்தது. கட்டளைகளில் திருத்தம் வந்தால் புதிய தட்டை அஞ்சலில் அனுப்பிவிடலாம். ஆக, கையில் எடுத்துச் செல்லும் தட்டு என்பதே கணினியை எழுப்பும் பணிக்காகத் தோன்றியது. அதே சிஸ்டம்-370 குடும்பத்துக் கணினி ஒன்று 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தது.

1981 ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். தன் சொந்தக் கணினியை, அதாவது தனியொருவர் மேசைமீது வைத்துக்கொள்ளும் கணினியை, விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் வன்தட்டு இல்லை. நாள்தோறும் நெகிழ்தட்டைச் செருகித்தான் அதை எழுப்ப வேண்டும். 1983இல் வந்த எக்ஸ்.டி. என்னும் அடுத்த வடிவத்தில் 10 எம்.பி. வன்தட்டு உள்ளேயே அமைந்தது. அன்றிலிருந்து கணினி தன் உள்ளிருந்தே எழலாயிற்று. நெகிழ்தட்டின் நாள்தோறும் உள்ள வேலை ஒழிந்தது. ஆனால், வன்தட்டு பழுதானால் மீண்டும் அதையே நாட வேண்டியிருந்தது. நாள்தோறும் கதவைத் திறந்த சாவி, வீடு பூட்டிக்கொண்டபோது மட்டும் தேடும் மாற்றுச் சாவி ஆயிற்று. மீட்புத் தட்டு என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது. 1995இல் வந்த விண்டோஸ் 95, தானே ஒரு துவக்க நெகிழ்தட்டைச் செய்து வைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. செய்து வைத்தவர் சிலர். செய்யாமல் விட்டுப் பின்னர் வருந்தியவர் பலர்.

இதற்கிடையில் வேறோர் இடர் தோன்றியிருந்தது. 1986ஆம் ஆண்டில் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. அது ஒட்டிக்கொண்ட இடம், நெகிழ்தட்டின் துவக்கப் பகுதி. நோயைத் தீர்க்கச் செருகும் தட்டே நோயைச் சுமந்து வந்தது. பிறர் கணினியில் செருகிய தட்டை நம்ப முடியாத நிலை உண்டாயிற்று. இதற்கு எளிய காப்பு ஒன்று இருந்தது. பழைய நெகிழ்தட்டின் ஓரத்தில் உள்ள வெட்டின்மேல் ஒரு துண்டு ஒட்டினால் அத்தட்டில் யாரும் எழுத முடியாது. நல்ல கணினியில் செய்து, உடனே எழுத முடியாதவாறு மூடி வைத்த தட்டே நம்பத்தக்க மருந்து எனப் பழுதுபார்ப்போர் கற்றுக்கொண்டனர். விதைப்பானையின் வாயை மண்ணால் பூசுவதற்கு ஒப்பானது இது.

நெகிழ்தட்டின் கொள்ளளவு பிற்காலத்தில் 1.44 எம்.பி. வரை வளர்ந்தது. இயங்குதளங்களோ அதைவிட வேகமாகப் பருத்தன. 650 எம்.பி. கொள்ளும் குறுந்தகட்டிலிருந்து கணினியை எழுப்ப முடியுமா என்ற கேள்வி எழுந்தது. 1995 ஜனவரியில் ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து அதற்கோர் விதிமுறை வகுத்தன. அதற்கு அவர்கள் இட்ட பெயர், கலிபோர்னியாவில் உள்ள ஓர் உணவகத்தின் பெயரான ‘எல் டோரிட்டோ’. அந்த விதிமுறையில் ஒரு வேடிக்கை உண்டு. குறுந்தகட்டின் ஒரு பகுதி, தன்னை நெகிழ்தட்டு என்று கணினி கருதுமாறு நடந்துகொள்ளலாம். பழைய கணினி பழைய தட்டைத்தான் அறியும். எனவே புதிய பொருள் பழைய பொருளின் வேடம் புனைந்து உள்ளே நுழைந்தது.

அக்காலத்தில் இந்தியாவில் இணைய வசதி மிக அரிது. நூற்றுக்கணக்கான எம்.பி. அளவுள்ள மென்பொருளைத் தொலைபேசிக் கம்பி வழியே இறக்குவது எண்ணிப் பார்க்க முடியாத செயல். 1996இல் ‘பிசி குவெஸ்ட்’ என்னும் ஆங்கிலத் திங்களிதழ், தன் இதழோடு லினக்ஸ் குறுந்தகட்டை இணைத்து வழங்கியது. நம் நாட்டு இளைஞர் பலர் கட்டற்ற மென்பொருளை முதன்முதல் கையில் எடுத்தது இத்தகைய இதழ்களின் வாயிலாகவே.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் என்னும் பொறியாளர் ‘நாப்பிக்ஸ்’ என்ற லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டார். அதை வன்தட்டில் நிறுவ வேண்டியதில்லை. குறுந்தகட்டைச் செருகினால், திரை, விசைப்பலகை, வலையமைப்பு முதலியவற்றை அதுவே கண்டறிந்து, முழுக் கணினியாக எழுந்து நிற்கும். ஏறத்தாழ 2 ஜி.பி. அளவுள்ள மென்பொருளைச் சுருக்கி 700 எம்.பி. தகட்டில் அடைத்திருந்தார். வன்தட்டில் உள்ள விண்டோஸ் மாண்டு கிடந்தாலும், நாப்பிக்ஸில் எழுந்து, உள்ளே இருக்கும் கோப்புகளை வேறிடத்திற்கு எடுத்துவிடலாம். கணினி கெட்டதும் கோப்புகள் அழிந்ததும் ஒன்றல்ல என்பதை எத்தனையோ பேர் கண்ணால் கண்டது அப்போதுதான். நம் திருச்சுழி மாணவிக்குத் தேவையான விடை இதுவே.

இனிப் பென்டிரைவுக்கு வருவோம். மின்சாரம் நின்றாலும் எழுத்து அழியாத ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா உருவாக்கினார். 1984இல் அதை உலகறியச் செய்தார். யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறையின் முதல் விதிமுறை 1996 ஜனவரியில் வெளியாயிற்று. அதனை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர், குஜராத் மாநிலத்து வதோதராவில் பொறியியல் பயின்ற அஜய் பட். இவ்விரண்டும் ஒன்று சேர்ந்த பொருளை 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் ‘தம்ப் டிரைவ்’ என்ற பெயரில் விற்றது. அதே ஆண்டின் இறுதியில் ஐ.பி.எம். விற்ற பென்டிரைவின் கொள்ளளவு 8 எம்.பி. அன்றைய நெகிழ்தட்டைப்போல் அது ஐந்து மடங்குக்குச் சற்று மேல். இன்றோ பெட்டிக்கடை அளவிலான கைப்பேசிக் கடையிலும் 32 ஜி.பி. பென்டிரைவ் தொங்குகிறது.

கணினிகள் பென்டிரைவிலிருந்து எழுவதற்குப் பழகச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் மெல்லிய மடிக்கணினிகள் வரலாயின. குறுந்தகடு செருகும் தட்டையே அவை கைவிட்டன. பென்டிரைவ் தவிர வேறு வழி குறைந்தது. ஆனால், அதைத் துவக்கத்தக்கதாக ஆக்குவது முதலில் கடினமான வேலையாக இருந்தது. 2007இல் வந்த யூநெட்பூட்டின், 2011இல் வந்த ரூஃபஸ் ஆகிய கருவிகள் அதை எளிதாக்கின. 2020இல் வந்த வென்டாய் இன்னும் ஒரு படி சென்றது. பென்டிரைவை ஒருமுறை அணியமாக்கிவிட்டால் போதும். பிறகு வேண்டிய இயங்குதளங்களின் ஐ.எஸ்.ஓ. கோப்புகளைச் சாதாரணக் கோப்புப்போல் அதில் இட்டு வைக்கலாம். எதை எழுப்பலாம் என்று அதுவே பட்டியல் காட்டிக் கேட்கும்.

அந்தப் பட்டியலில் இடம்பெறத்தக்க கருவிகள் உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவை. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86, 1994இல் தோன்றியது. அழிந்த பகுதிகளைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க், பிரான்சு நாட்டவர் ஒருவரின் படைப்பு. வன்தட்டை அப்படியே படியெடுக்கும் குளோன்சில்லா, தைவானில் பிறந்தது. சிதைந்துவரும் வன்தட்டிலிருந்து படிக்கக்கூடியதை முதலில் படித்து, படிக்க இயலாத இடங்களைப் பின்னர் முயல்வது டிடிரெஸ்கியூ. இவற்றில் பெரும்பாலானவை காசு கொடுக்காமல் பெறத்தக்கவை. நம் நாட்டுப் பங்கும் இதில் உண்டு. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் லினக்ஸ், இந்திய மொழிகளில் இயங்கும் வகையில் அமைந்தது.

தமிழ்நாட்டு அரசு வழங்கிய தொடக்கக் கட்ட மடிக்கணினிகளில் விண்டோஸோடு இந்தப் பாஸ் லினக்ஸும் இருந்தது. இங்கே வரலாறு ஓர் அரிய பாடம் சொல்கிறது. விண்டோஸ் மட்டும் கெட்டுப்போனால், அதே கணினியில் உள்ள பாஸில் எழுந்து கோப்புகளை எடுக்கலாம். எனினும் இரண்டும் இருந்தவை ஒரே வன்தட்டில். வன்தட்டே சிதைந்தால், அல்லது அதன் துவக்கப் பகுதி அழிந்தால், இரண்டும் ஒருங்கே போகும். விதையையும் உணவையும் ஒரே குலுக்கையில் இட்டு வைத்தால், கரையான் ஏறும்போது இரண்டும்தானே கெடும்? 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேலும் மின்வெட்டு நிலவிய காலம் இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மேசைக் கணினியின் கோப்பு முறை சிதையக்கூடும். மின்கலம் வலுவிழந்த மடிக்கணினிக்கும் அதே கதிதான். மீட்சிக்குரிய பொருள் கணினிக்கு வெளியே, தனியே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி, அதைச் செய்யும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் கணினி எழாது. ரூஃபஸ், வென்டாய் போன்ற கருவியைக் கொண்டு துவக்கப் பகுதியை எழுதியாக வேண்டும். அப்போது பென்டிரைவில் முன்பு இருந்தவை யாவும் அழியும். ஆதலால் வெற்றுப் பென்டிரைவையே எடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. கோப்பை அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். இறக்கியபின், அவர்கள் வெளியிட்டுள்ள எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்பு எண்ணோடு நம் கோப்பின் எண்ணை ஒப்பிட வேண்டும். 64 எழுத்துகள் கொண்ட அவ்வெண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அக்கோப்பு விதைக்கு ஆகாது. இவ்வளவையும் நலமாக உள்ள, நச்சுநிரல் அற்ற கணினியில் செய்ய வேண்டும். பிரெயின் பரவிய நாளில் கற்ற பாடம் இன்றும் பொருந்தும்.

பயன்படுத்தும்போது முதல் விதி ஒன்றே: பழுதைத் தீர்க்கும் முன் கோப்புகளை எடு. மடிக்கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஸ்கேப் போன்ற விசையை அழுத்தினால் எதிலிருந்து எழ வேண்டும் என்று அது கேட்கும். விசை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். பென்டிரைவிலிருந்து எழுந்து, வேறொரு வெளித்தட்டில் கோப்புகளைப் படியெடுத்த பிறகே மற்ற சோதனைகளைத் தொடங்க வேண்டும். அழிந்ததை மீட்கும்போது, மீட்டதை அதே வன்தட்டில் எழுதலாகாது. எழுதினால், மீட்காமல் எஞ்சியது புதைந்துபோகும். வன்தட்டு கடகடவென்று ஒலித்தால், அதை மேலும் ஓட்டாமல் வல்லுநரிடம் கொடுப்பதே அறிவுடைமை. புதிய விண்டோஸ் கணினிகளில் வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். அதற்குரிய 48 இலக்க மீட்பு எண்ணை முன்னரே தாளில் எழுதி வைக்காவிட்டால், எந்தப் பென்டிரைவும் உள்ளே புக இயலாது.

செய்து வைப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பென்டிரைவும் முதுமை அடையும் பொருளே. ஃபிளாஷ் நினைவகம் மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து எழுத்தைக் காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது கசியும். வெப்பம் மிகுந்தால் விரைவில் கசியும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதைப் போட்டு வைப்பது தகாது. கணினி உலகமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2012இல் விண்டோஸ் 8உடன் பரவிய ‘செக்யூர் பூட்’ என்னும் காவல்முறை, கையொப்பமிட்ட துவக்க நிரலை மட்டுமே உள்ளே விடும். அதற்கென மைக்ரோசாஃப்ட் 2011இல் வழங்கிய சான்றுகளின் காலம் 2026 ஜூன் முதல் முடியுமாறு அமைந்திருந்தது. அவற்றுக்குப் பதிலாகப் புதிய சான்றுகள் 2023இல் வந்தன. ஆகவே பழைய மீட்புப் பென்டிரைவைப் புதிய கணினி ஏற்காமல் போகும் நாளும் வரலாம். ஆண்டுக்கு இருமுறையேனும் அதை எடுத்து, புதிய ஐ.எஸ்.ஓ. கோப்புகளை ஏற்றி, ஒரு கணினியை உண்மையாகவே அதிலிருந்து எழுப்பிப் பார்க்க வேண்டும். செய்த நாளை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டாகச் செய்து, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைப்பது மேலும் நன்று. ஈரத்துணியில் முடிந்து முளை பார்த்த உழவரின் செயலுக்கு இது நிகர்.

இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். 2024 ஜூலை 19ஆம் நாள் அதற்கு விடை சொல்லிற்று. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையுள்ள ஒரு புதுப்பிப்பினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு வீழ்ந்தன. வானூர்திகள் நின்றன, மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் பணிகள் தடைப்பட்டன. ஐதராபாத் வானூர்தி நிலையத்தில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகளை வழங்கினர். பிழையான கோப்பு ஒன்றை நீக்கினால் போதும், கணினி எழும். ஆனால், எழாத கணினிக்கு இணையத்தின் வழியே கட்டளை அனுப்புவது எப்படி? ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் சென்று நிற்க வேண்டியதாயிற்று. ஓரிரு நாளில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மீட்புக் கருவி எவ்வடிவில் வந்தது தெரியுமா? துவக்கத்தக்க பென்டிரைவாகவே வந்தது. மேகக்கணிமை என்று பெருமை பேசிய உலகம், ஒருநாள் பென்டிரைவும் கையுமாக மேசை மேசையாக நடந்தது.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவு முடிந்தது. நல்ல நிலையில் உள்ள பழைய மடிக்கணினிகள் பல, புதிய விண்டோஸுக்குத் தகுதியற்றவையாக நின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடும் முன், பென்டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பிப் பாருங்கள். வன்தட்டில் ஒன்றும் எழுதாமலே அது பொருந்துமா என அறிந்துகொள்ளலாம். பொருந்தினால், தம்பிக்கோ தங்கைக்கோ படிப்பதற்கு ஒரு கணினி கிடைத்தது. நோய்க்கு மருந்தான பொருள் ஆயுளையும் நீட்டித் தரும்.

நண்பர்களே, விசை தட்டிய விரலிலிருந்து காகித நாடா, நெகிழ்தட்டு, குறுந்தகடு, பென்டிரைவு என்று பொருள்கள் மாறி வந்தன. நாளை வேறொன்று வரும். மாறாமல் நின்றது ஒன்று: விழுந்ததைத் தூக்கும் கை வெளியே இருக்க வேண்டும், அது விழுவதற்கு முன்பே அணியமாக இருக்க வேண்டும். கணினி கெட்ட பிறகு மீட்புப் பென்டிரைவு செய்ய, மற்றொரு நல்ல கணினியைத் தேடி அலைய நேரும். நகரத்தில் அது பக்கத்து வீட்டில் கிடைக்கும். திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரில் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். வசதி குறைந்த ஊருக்கே முன்னேற்பாடு மிகுதியாகத் தேவை.

ஆதலால் உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ, நாலு பேர் சேர்ந்து ஒரு மீட்புப் பென்டிரைவைச் செய்யுங்கள். நாளைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அதில் பாடலும் படமும் ஏற்றாதீர்கள், அது விதைப்பானை. கோடை விடுமுறைக்கு முன் ஒருமுறையும், ஐப்பசி மழை தொடங்கும்போது ஒருமுறையும் எழுப்பிப் பாருங்கள். என்றேனும் ஒருநாள், கரிய திரையின் முன் கண்கலங்கி நிற்கும் தோழி ஒருத்தியிடம் “அழிக்க வேண்டாம், கொஞ்சம் பொறு” என்று உங்களால் சொல்ல முடியும்.